கொக்குகள் வெல்லத் தொடங்கிய கோடை

ஜூன் 3, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பிள்ளை இன்றைக்கு இந்தக் கொப்பியைத் தந்துவிட்டுப் போனாள். இவர் ஒரு நாளில் சொல்லும் சொற்களை எல்லாம் எழுதி வைக்க வேண்டுமாம். எந்த மொழியில் எழுதினாலும் பரவாயில்லையாம். தமிழில் எழுதினால் உனக்கு எப்படி விளங்கும் என்று கேட்டேன். எழுதுவது தனக்காக இல்லை, எனக்காக என்றாள். அது எனக்கு விளங்கவில்லை.

சரி. இன்றைய சொற்கள்: கதவு, பதினொரு தடவை. தண்ணீருக்கும் கதவு, மாத்திரைக்கும் கதவு, எனக்கும் கதவு. இருபத்துநான்கு வருடம் கதவு செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்த மனிதர். மார்ச் மாதம் மூளையில் இரத்தம் உறைந்து விழுந்தபோது மற்றச் சொற்கள் எல்லாம் போய் அது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. ஓம், இல்லை இரண்டும் சில நேரம் வரும். ஆனால் ஓம் என்ற இடத்தில் இல்லை என்பார். எது எதென்று முகத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். வலது கையும் காலும் இன்னும் சொன்னதைக் கேட்பதில்லை.

அவரோடு நிறையக் கதையுங்கள், அவருக்குப் பிடித்ததைப் பற்றிக் கதையுங்கள் என்றாள் அந்தப் பிள்ளை. என்ன பிடிக்கும் என்று கேட்டாள். முப்பது வருடம் கூட இருந்தவள் நான். உடனே பதில் வரவில்லை. பிறகு பேஸ்போல் என்றேன்.

ஜூன் 5, புதன்

காலையில் பீன்ஸ் முளைத்ததைப் பற்றிச் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை வரும் போல இருக்கிறது என்றேன். அதற்கும் சுவர். நாங்கள் அதிகம் கதைக்கிற ஆட்கள் இல்லை. இந்த வீட்டில் தொலைக்காட்சிதான் கதைக்கும்.

பின்னேரம் பிரம்டனில் இருந்து தயாபரன் தொலைபேசி எடுத்தான். இவருடைய தம்பி. தினமும் எடுப்பான். நான் வழக்கம்போல தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு இவருடைய மடியில் வைத்துவிட்டுக் குசினிக்குச் சமைக்கப் போய்விட்டேன்.

சொற்கள்: கதவு 9. ஓம் 2.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிறுகளில் பன்னிரண்டு மணியிலிருந்து நான்கு வரையும் புதன் பின்னேரங்களிலும் இவரைப் பார்த்துக்கொள்ள மரிசெல் என்ற பிலிப்பீன்ஸ் பெண் வருகிறாள். அந்த நேரத்தில் நான் கடைக்குப் போவேன். இன்று கடைக்குப் போகவில்லை. மைதானத்துக்குப் போனேன்.

போர்ட் எல்டனில் இத்தனை வருடம் இருக்கிறோம், அந்த வாசலைத் தாண்டி நான் உள்ளே போனது இன்றுதான். கோடை வந்தால் இவர் வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் நேரே அங்கேதான் போவார். பதினைந்து வருடமாக அப்படித்தான். எங்கள் ஊர் அணிக்கு ஹெரன்ஸ் என்று பெயர். ஏரிக்கரையில் ஒற்றைக் காலில் நிற்கும் சாம்பல் நிறக் கொக்கு. சட்டையில் அதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

விளையாட்டு கிரிக்கெட் மாதிரி, ஆனால் இல்லை. மட்டை உலக்கைபோல உருண்டையாக இருக்கிறது. அடித்தவர் அதைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறார். நான்கு மூலைகளையும் சுற்றி வந்தால் ஒரு ஓட்டம். சிலர் அடிக்காமலே நடந்து போகிறார்கள். ஏன் என்று தெரியவில்லை. சிலர் அடித்த பிறகும் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அதுவும் தெரியவில்லை.

மூன்றாம் மூலைக்குப் பின்னால் வயதானவர்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு இருக்கை வெறுமையாக இருந்தது. அதன்மேல் ஒரு நீலத் தொப்பி. நான் பக்கத்தில் போனதும் மெலிந்த, உயரமான ஒருவர் எழுந்து, நீங்கள் மலர் தானே என்றார். பெயர் லூயி. முன்பு பேருந்து ஓட்டியவராம். தொப்பியை எடுத்துவிட்டு, குணாவின் இடம், உட்காருங்கள் என்றார். இவர் எப்படி இருக்கிறார், எப்போது வருவார் என்று எல்லோரும் கேட்டார்கள். குணா இல்லாமல் இந்தப் பக்கமே செத்துப் போய்க் கிடக்கிறது, அவரை வாய்மூட வைக்க முடியாது என்று ஒரு அம்மா சொன்னாள்.

வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்தேன். என்னுடைய கணவர் பெயர் குணபாலசிங்கம், கதவுத் தொழிற்சாலை என்று விளக்கினேன். அவரேதான் என்றார்கள்.

நான்காவது ஆட்டத்தில் (ஒரு போட்டிக்கு ஒன்பது ஆட்டமாம்) நடுவர் கொக்குகளின் ஆளை வெளியே என்று கையைக் காட்டினார். உடனே ஏழு வெள்ளைக்காரர்களும் எழுந்து நின்று, "கண் தெரியேல்லையோ?" என்று கத்தினார்கள். தமிழில்தான். இவர் சொல்லிக் கொடுத்ததாம்.

ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றார்கள். பதின்மூன்று போட்டியில் இது பதினோராவது தோல்வி. மொத்தம் ஒன்பது அணிகள், எட்டு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகுமாம். போகாத அந்த ஓர் அணி மூன்று வருடமாக இவர்கள்தானாம். இதை லூயி பெருமையாகச் சொல்வதுபோலச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து இவருக்கு நடந்ததைச் சொன்னேன். இரண்டாவது மூலையில் நின்றவர் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடி ஒரு ஓட்டம் எடுத்தார் என்று சொல்லும்போது சுவரில் இருந்து முகத்தைத் திருப்பினார்.

"பிழை," என்றார்.

அவ்வளவு தெளிவாக. நான் எழுதி வைத்திருக்கிறேன். பிழை 1.

ஜூன் 12, புதன்

தோல்வி. மழை. பிழை 3.

ஜூன் 16, ஞாயிறு

வேண்டுமென்றே பிழையாகச் சொல்லிப் பார்க்கிறேன். எறிகிறவர் மட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார் என்றேன். "பிழை, பிழை," என்று இடது கையால் மேசையில் தட்டினார். அப்ப ஆர் ஓடினது, சொல்லுங்கோ என்றேன். வாய் கோணியது, கண் கலங்கியது, கடைசியில் "அடி... அடி..." என்றார். அடிப்பவர். ஒரு முழுச் சொல்லில் பாதி.

இன்று கொக்குகள் வென்றார்கள். ஐந்துக்கு நான்கு. எறிபவர்கள் மூன்று பேருக்கும் தோள் காயம். ஆள் இல்லாமல் டேனியை எறிய விட்டார்கள். டேனி எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் ஆள்தான். முப்பத்தாறு வயது, தொப்பை இருக்கிறது. அவன் எறியும் பந்து அவ்வளவு மெதுவாக வருகிறது. பந்து வருவதற்கு முன்னரே அடிப்பவர்கள் மட்டையை வீசிவிட்டு நிற்கிறார்கள். எல்லோரும் வேகத்துக்குப் பழகியவர்கள், மெதுவாக வருவதை என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறுகிறார்கள் என்று லூயி சொன்னார். வென்ற பிறகு எங்கள் ஏழு பேரும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வென்றால் என்ன செய்வது என்று அவர்களுக்கு மறந்துவிட்டது.

நான் எங்கள் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

ஜூன் 19, புதன்

மகள் ஆரணி எட்மன்டனில் இருந்து தொலைபேசி எடுத்தாள். நான் அப்போது இவருக்கு எத்தனை பந்து தவறினால் வெளியே, எத்தனை பந்து கோணலாக வந்தால் சும்மா நடக்கலாம் என்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் பிழை, பிழை என்றுகொண்டிருந்தார். தொலைபேசியைக் காதில் வைத்த பிறகும் ஒரு நிமிடம் அவரோடுதான் கதைத்தேன்.

"அம்மா," என்றாள் ஆரணி. "நீங்கள் அப்பாவோடயா கதைக்கிறீங்கள்?"

பின்னே ஆரோட என்றேன்.

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம். என்ன பிள்ளை, வேலையில் ஏதும் பிரச்சினையோ என்று கேட்டேன். இல்லை என்றாள். நன்றாகச் சாப்பிடச் சொன்னேன். இருபத்தேழு வயதுப் பிள்ளை எதற்காக அழுகிறது என்று விளங்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

கடைசி ஐந்தில் நான்கு வெற்றி. டேனியைப் பற்றி ஊர்ப் பத்திரிகையில் படம் வந்திருக்கிறது. வெட்டி இவருடைய கட்டிலுக்கு நேரே ஒட்டினேன்.

இவருக்குக் கதவு குறைந்துவிட்டது. இன்று ஒன்றுகூட இல்லை. பந்து, அடி, பிழை, கோப்பி (குடிக்கிற கோப்பி), மரி (மரிசெல்), வெளியே. இலக்கம் சொல்கிறார், ஆங்கிலத்தில். ஒன்பது வரைக்கும் தடையில்லாமல் போகிறது.

என்னுடைய பெயர் இன்னும் வரவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

டேனி தபால் கொண்டுவந்தபோது யன்னலில் இவரைக் கண்டுவிட்டான். உள்ளே வரலாமா என்று கேட்டான். பையில் இருந்து ஒரு பந்தை எடுத்து இவருடைய வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தையலின்மேல் பிடித்து வைத்தான். இப்படிப் பிடித்தால் பந்து தூங்கிக்கொண்டு போகும் என்றான். அந்தக் கை ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்காத கை. பந்து நழுவி விழுந்தது. டேனி குனிந்து எடுத்துத் திரும்ப வைத்தான். ஆறு தடவை. ஏழாவது தடவை நின்றது.

தேநீர் கொடுத்தேன். கடிதங்கள் காத்திருக்கின்றன என்று நின்றபடியே குடித்துவிட்டுப் போனான்.

ஜூலை 7, ஞாயிறு

வெற்றி. எட்டாவது இடத்துக்கு இன்னும் இரண்டு வெற்றிதான் தேவை.

ஆனால் இன்று நான் எழுத நினைத்தது அதை இல்லை. இடைவேளையில் லூயியோடு வரிசையில் நின்றபோது ஏன் இவர் இங்கே இவ்வளவு சத்தம் போடுவார் என்று கேட்டேன். வீட்டில் அப்படி இல்லை என்றேன். குணா ஒருநாள் மட்டும் சத்தம் போடமாட்டார் என்றார் லூயி. ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில், பருவத்தின் முதல் போட்டி நடக்கும் வாரத்தில் ஒருநாள் வந்து உட்கார்ந்திருப்பார். தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஏன் என்று கேட்டதற்கு மனைவியின் தம்பி இறந்த நாள் என்று சொன்னாராம். அது அவளுக்கு நான் செய்த பிழை, அதனால் அவள் என்னோடு கதைப்பதில்லை, அது எனக்கு வேண்டியதுதான் என்றும் சொன்னாராம்.

இதை லூயி என்னிடம் சொல்லியிருக்கத் தேவையில்லை.

போட்டி முடிவதற்கு முன்னரே வந்துவிட்டேன். வென்ற செய்தி பக்கத்து வீட்டு வானொலியில்தான் கேட்டது.

ஜூலை 10, புதன்

போகவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

போகவில்லை. கடைக்குப் போனேன். இவர் மூன்று மணியிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம், மரிசெல் சொன்னாள். நான் வந்ததும் "அடி? அடி?" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவினேன். எனக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கழுவிய மீனையே திரும்பக் கழுவினேன்.

ஜூலை 15, திங்கள்

இந்தக் கொப்பியை யாரும் வாசிக்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்னுடைய தம்பி பெயர் சசிதரன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். அம்மா இறந்த பிறகு அவனுக்குச் சோறு தீத்தினது நான். 2006ஆம் ஆண்டு ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கியது. அங்கிருந்து இங்கே ஓர் ஆளைக் கூப்பிட்டு எடுப்பதற்கு மட்டும் எங்களால் ஒழுங்கு செய்யக்கூடியதாக இருந்தது. சசி வன்னியில். இவருடைய தம்பி தயாபரன் கொழும்பில். இவர் தயாபரனை எடுத்தார். அடுத்தது சசி என்றார். அடுத்தது என்ற ஒன்று வரவில்லை. 2009 மே மாதம் சசி செல் குண்டு விழுந்து செத்தான். எந்த இடம் என்றுகூட எங்களுக்குச் சரியாகத் தெரியாது.

அன்றைக்குப் பிறகு நான் இவரோடு சண்டை பிடிக்கவில்லை. ஒரு வார்த்தை ஏசவில்லை. கதைக்காமல் விட்டேன். சாப்பாடு மேசையில் இருக்கு, சாவி எங்கே, ஆரணிக்குக் காய்ச்சல். இவ்வளவுதான். ஒரு வாரம் இருக்கும் என்று நினைத்தேன். பிறகு அதை நிறுத்துவது எப்படி என்று தெரியவில்லை. அந்தக் கோடையில்தான் இவர் பேஸ்போல் பார்க்கத் தொடங்கினார். வீட்டில் இருக்க மனமில்லாத மனிதர், எங்கேயோ போய்ச் சிரித்துக்கொண்டு இருக்கிறார் என்று நான் அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

அவர் அங்கே தண்ணீர் குடிக்காமல் இருந்த நாட்களில் நானும் இங்கே குடிக்காமல்தான் இருந்தேன். ஒரே நாளில், ஒரே ஊரில். இதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

போனேன். லூயி எதுவும் கேட்கவில்லை. தொப்பியை எடுத்துவிட்டு இடம் தந்தார். மூன்றுக்கு இரண்டு, வெற்றி.

ஓகஸ்ட் 4, ஞாயிறு

இரண்டு தோல்வி. எல்லா அணிகளும் டேனியின் மெதுவான பந்துக்குப் பழகிவிட்டார்கள் என்று ஒரு கதை. இல்லை, அவனுக்குத் தெருவில் நடந்து கால் வலி என்று இன்னொரு கதை. நம்பிக்கை வருவதற்கு முன்னர் இந்த ஏழு பேரும் நிம்மதியாக இருந்தார்கள். இப்போது நகம் கடிக்கிறார்கள். அந்த அம்மா போட்டி நேரத்தில் திரும்பி நின்று ஏரியைப் பார்க்கிறாள், பார்த்தால் தோற்றுவிடுவார்களாம். நானும் ஒரே செருப்பைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். யாருக்கும் சொல்லவில்லை.

இவருடைய சொற்கள் நாற்பதைத் தாண்டிவிட்டன. இரண்டு சொல் சேர்ந்தும் வருகிறது. "டேனி பாவம்," என்றார்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

வெற்றி, ஆறுக்கு ஐந்து. வந்து சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னேர வெயில் இவருடைய முழங்காலில் விழுந்துகொண்டிருந்தது. நன்றாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் வாயில் வேறு ஒன்று வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ," என்றேன். "அண்டைக்கு ஏன் என்ரை தம்பியைக் கூப்பிடேல்லை?"

சிரிப்பு நின்றது. நான் சொன்னது விளங்கியது என்று கண்ணில் தெரிந்தது. வாயைத் திறந்தார். "இல்லை," என்றார். "ஓம். இல்லை. கதவு. கதவு. இல்லை." எத்தனையோ வாரமாக வராத கதவு. இடது கையால் என் கொப்பியை இழுத்து, பேனையைப் பிடித்து எழுதப் பார்த்தார். கோடுகள்தான் வந்தன. இந்தப் பக்கத்தின் கீழே இருக்கின்றன. நான் எவ்வளவு நேரம் பார்த்தும் ஓர் எழுத்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

பிறகு அழுதார். நான் துடைத்துவிட்டேன்.

பதினைந்து வருடம் அவருக்கு வாய் இருந்தது. ஒரு பின்னேரம் நான் இதைக் கேட்டிருக்கலாம். என்ன பதில் சொல்லியிருப்பார்? தயாபரன் கொழும்பில் இருந்தான், எடுப்பது சுலபம் என்றிருப்பாரா? தன் இரத்தம் என்றிருப்பாரா? தெரியாது, பிழைவிட்டிட்டன் என்றிருப்பாரா? கேட்கக்கூடிய காலத்தில் நான் கேட்கவில்லை. இப்போது கேட்டேன்.

இவர்மேல் கோபமா, என்மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஓகஸ்ட் 14, புதன்

சொற்கள் எழுதவில்லை.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

வெற்றி. எட்டாவது இடத்துக்கு இரண்டு அணிகள் சமமாக நிற்கின்றன, நாங்களும் வில்மோர் அணியும். அடுத்த ஞாயிறு எங்களுக்கும் அவர்களுக்கும்தான் கடைசிப் போட்டி, இங்கேயே. வென்றவர் போவார்.

லூயி என் கையைப் பிடித்துக்கொண்டு, குணாவைக் கூட்டி வாருங்கள் என்றார். எப்படி? வாசலில் நான்கு படி. என்னால் தனியாக இவரையும் நாற்காலியையும் காரில் ஏற்ற முடியாது. மரிசெல் என்னைவிடச் சிறிய உருவம். இந்த ஏழு பேரில் யாருக்கும் முழங்கால் சரியில்லை.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

தயாபரனுக்கு நானே எடுத்தேன்.

இலக்கம் எனக்கு மனப்பாடம் இல்லை, இவருடைய தொலைபேசியில் பார்த்தேன். "அண்ணை," என்று எடுத்தான். நான்தான் என்றேன். அவனுக்குப் பயம் பிடித்துவிட்டது, அண்ணைக்கு என்ன, அண்ணைக்கு என்ன என்று கேட்டான். ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு பேஸ்போல் போட்டி இருக்கிறது, தூக்க ஆள் வேண்டும் என்றேன். இவ்வளவு வருடத்துக்குப் பிறகு அவனுக்கு நான் சொன்ன முதல் வசனம் அது.

எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

ஓகஸ்ட் 25, ஞாயிறு

பத்து மணிக்கு வருவான் என்று நினைத்தேன். எட்டுக்கே வந்து தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு உள்ளே இருந்தான். யன்னலால் கண்டேன். வழுக்கை விழுந்திருக்கிறது. ஒன்பதரை வரையும் நான் கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை. பிறகு நான் வெளியே போய்ப் படியில் நின்றேன்.

இவரை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் படி இறக்கினான். இவர் முகம் அவன் தோளில் இருந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

மைதானத்தில் நான் இதுவரை இவ்வளவு சனம் கண்டதில்லை. எங்கள் பக்கத்து ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவரும் கைதட்டவில்லை, கத்தவில்லை. ஒவ்வொருவராக வந்து இவருடைய இடது கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். லூயி மட்டும் நெடுநேரம் விடவில்லை. சக்கர நாற்காலியை ஓரத்தில் நிறுத்தினோம். பக்கத்தில் நான். எனக்கு அந்தப் பக்கம் தயாபரன்.

தயாபரனுக்கு இந்த விளையாட்டில் ஒன்றும் தெரியாது. இரண்டாம் ஆட்டத்தில் டேனியின் பந்தை அடிக்காமலே ஒருவன் முதல் மூலைக்கு நடந்து போனான்.

"ஏன் அண்ணி அவர் சும்மா நடந்து போறார்?" என்று கேட்டான்.

நான் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நாலு பந்து அடிக்கக்கூடிய இடத்துக்கு வராட்டி நடக்கலாம் என்றேன். தலையாட்டினான். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கேட்டான், பிடித்த பிறகும் ஏன் மூன்றாம் மூலைக்காரன் ஓடுகிறான் என்று. அதையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல இந்தப் பக்கத்தில் இருந்து இவர், "பிழை," என்றார். என்ன பிழை என்றேன். "பிடி... பிறகு... ஓட்டம்," என்றார், விரலால் காட்டினார். சரிதான். பிடிக்கும்வரை காலை மூலையில் வைத்திருக்க வேண்டும், அதை நான் சொல்ல மறந்துவிட்டேன். தயாபரன் எனக்கு மேலால் எட்டி இவருடைய விரலைப் பார்த்தான். அப்படியே நாங்கள் ஐந்தாம் ஆட்டம் வரைக்கும் போய்விட்டோம், அவன் கேட்பதும் நான் சொல்வதும் இவர் திருத்துவதுமாக.

ஏழாம் ஆட்டத்தில் இரண்டு ஓட்டம் பின்னால் நின்றோம். எட்டாம் ஆட்டத்தில் எங்கள் ஆள் ஒருவன், பெயர் எனக்கு வராது, மரவேலை செய்யும் பெடியன், மூன்று மூலையிலும் ஆட்கள் நிற்கும்போது வேலியோரத்துக்கு அடித்தான். மூன்று பேரும் சுற்றி வந்து ஓட்டம் எடுத்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சத்தத்தைக் கேட்டுத் திரும்பி, என்ன நடந்தது என்று ஒவ்வொருவராய்ப் பிடித்துக் கேட்டாள். ஒருவருக்கும் சொல்ல மூச்சு இல்லை.

ஒன்பதாம் ஆட்டம். ஓர் ஓட்டம் முன்னால். எறிவதற்கு இன்னும் டேனிதான். முதல் இருவரும் வெளியே. மூன்றாவது ஆள் பெரிய உடம்புக்காரன். டேனி மெதுவாக ஒன்று, அதைவிட மெதுவாக ஒன்று எறிந்தான். இரண்டுக்கும் மட்டை காற்றை அடித்தது. மூன்றாவதை அவன் பொறுத்துப் பார்த்து அடித்தான். பந்து உயரப் போனது. இடப்பக்கம் நிற்கிறவன் ஓடினான், கையில் விழுந்தது, நழுவியது, நெஞ்சில் பட்டது, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி விழுந்தான். எழும்பவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினான். பந்து இருந்தது. மூன்று பேரும் வெளியே, வென்றுவிட்டோம்.

நான் தயாபரனுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்போது பிடித்தேன் என்று தெரியாது. விட்டேன்.

லூயி தலையில் கை வைத்துக்கொண்டு, அடுத்த சுற்றில் முதலிடத்து அணியோடு செவ்வாய்க்கிழமை விளையாட வேண்டும், உரித்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

கார் நிறுத்துமிடத்துக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது தயாபரன், என் முகத்தைப் பார்க்காமல், "அண்ணி, சசி வந்திருக்க வேண்டிய இடம் இது," என்றான். "விமானத்தில ஏறின நாளில இருந்து எனக்கு அது தெரியும். ஏன் என்னை எண்டு அண்ணையை நான் கேக்கேல்லை. கேட்டால் என்ன சொல்லுவாரோ எண்டு பயம்."

இவரும் கேட்டுக்கொண்டிருந்தார். தலை குனிந்திருந்தது.

சசி என்ற பெயரை வேறொரு வாயால் கேட்டு எத்தனை வருடம். இந்த வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை, என்னால்தான். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. முன்னுக்குக் கல் கிடக்கு, சில்லைப் பார்த்துத் தள்ளுங்கோ என்றேன்.

வீட்டில் இவரைக் கட்டிலில் இருத்திவிட்டு வந்து வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு மணித்தியால ஓட்டம், இருட்ட முன்னர் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்றான். இத்தனை வருடத்தில் இந்த வீட்டுக்கு வந்த நேரமெல்லாம் அவன் வாசலோடு நின்று அண்ணனைப் பார்த்துவிட்டுப் போவான். நான் குசினியில் நிற்பேன்.

"தம்பி, இருந்து சாப்பிட்டிட்டுப் போ," என்றேன்.

சசிக்குப் பிறகு அந்தச் சொல்லை நான் யாருக்கும் சொன்னதில்லை. இவனுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. வந்துவிட்டது. மன்னித்துவிட்டேனா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. இவரையா, இவனையா, அதுவும் தெரியாது. சசி இருந்தால் கேட்கலாம்.

அவன் ஒரு சப்பாத்தோடு அப்படியே நின்றான். பிறகு குனிந்து அதைக் கழற்றினான். நான் புட்டுக்கு மாக் குழைக்கப் போனேன். உள்ளே இருந்து இவர் கூப்பிடுவது கேட்டது.

"மலர்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "மலர், செவ்வாய்."

செவ்வாய்க்கிழமை போட்டிக்குப் போக வேண்டுமாம். தயாபரன் என்னைப் பார்த்தான். வேலைக்கு விடுப்பு எடுக்க ஏலுமோ என்று கேட்டேன்.